செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள்

தோஷம் தோஷம். ஏன் இரண்டு தரம்? விபரம் அனுப்பியவர்கள் விட்ட பிழையாக இருக்கட்டும். நான் செய்ததாக இருக்கவேண்டாம்.

கொன்ஸ்ரன்ஸ் அந்த வரியை மறுபடியும் வாசித்தாள். வத்தளையில் இருக்கும் ஒரு பொறியியலாளரின் விபரம் அது. உயரம், தொழில், சகோதரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் ‘விசேட குறிப்பு’ என்ற இடத்தில் மட்டும் ‘செவ்வாய் தோஷம் தோஷம் உண்டு’ என்று இருந்தது.

அவளுக்கு உடனேயே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்காக எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள், தண்ணீர் குடித்தாள். கீழே கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அது போய் முடியும் வரைக்கும் நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தபோது அந்த வரி அங்கேயே இருந்தது.

பாலேஸ்வரியின் திருமண சேவை வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடி வீட்டின் முன்னறையில் நடந்துவந்தது. பின்னறைகளில் பாலேஸ்வரி குடியிருந்தாள். மாப்பிள்ளைகளும் பெண்களும் கணினியில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சிறியதொரு ஃபைல். ஆண்டுக்கொரு ஃபோல்டர், அதற்குள் நாட்டுக்கொரு ஃபோல்டர், அதற்குள் ஆண், பெண். ஃபைலில் என்ன இருக்கிறதோ அதுதான் இணையத்தளத்தில் தெரியும். பாலேஸ்வரியின் மகன் சுகிர்தன் மெல்பேர்னுக்குப் போவதற்கு முன் செய்துவைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. அங்கே வேலை செய்யும் கொன்ஸ்ரன்ஸுக்கு அவன் இரண்டு கட்டளைகளைப் பழக்கியிருந்தான். கிரெப் தேடும். செட் மாற்றும். கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் இருந்தாலும் உள்ளே உள்ளே இறங்கிப் போய் எல்லா இடத்திலும் வேலையை முடித்துவிட்டு வந்துவிடும்.

“செட் உன்னட்டத் திருப்பிக் கேக்காது கொன்ஸி,” என்று அவன் வீடியோவில் சொன்னான். “சொன்னதைச் செய்யும். நீ நினைச்சதைச் செய்யாது. அதால முதல்ல கிரெப் போட்டு என்னென்ன அம்பிடுது எண்டு பார். பிறகு முழுக்க ஒரு கொப்பி எடுத்து வை. அதுக்குப் பிறகு மாத்து.”

போன மாதம் அவள் கிரெப் போட்டாள். பார்க்கவில்லை. திரையில் வரிகள் ஓடியதைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஓடுவதைப் பார்ப்பதும் வாசிப்பதும் ஒன்றில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. கொப்பியும் எடுக்கவில்லை. பாலேஸ்வரி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்புக்குக் காரணம் லண்டன் பெடியன் ஒருவன். ஒரு பெண்ணின் விபரத்தில் ‘செவ்வாய் இல்லை’ என்று இருந்ததை வாசித்துவிட்டுப் பாலேஸ்வரிக்கு அழைப்பெடுத்திருந்தான்.

“அன்ரி, அவ டியூஸ்டேயில நிக்கமாட்டாவோ எண்டு கேக்கிறான்,” என்று பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அப்ப புதன்கிழமை கோல் எடுக்கட்டோவாம். இதுகளுக்கு நான் எங்க கொண்டுபோய்க் கலியாணம் கட்டிவைக்கிறது? பிள்ளை, நீ ஒண்டு செய். எல்லா இடத்திலயும் செவ்வாய் எண்டு இருக்கிறதைச் செவ்வாய் தோஷம் எண்டு மாத்திவிடு. அப்பவாவது விளங்கட்டும்.”

கொன்ஸ்ரன்ஸ் எழுதினாள். ‘செவ்வாய்’ என்று எங்கே கண்டாலும் ‘செவ்வாய் தோஷம்’ என்று போடு. ஒரு வரி. எண்டர்.

அந்தப் பெடியன் கேட்ட கேள்விக்குள்ளேயே எல்லாம் இருந்தது. செவ்வாய் ஒரு கிழமையும்தான். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரி பிறந்த நாள். சாத்திரியாருக்குத் தேவை என்பதற்காகத் திகதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதுவது பாலேஸ்வரியின் வழக்கம்.

இப்போது கொன்ஸ்ரன்ஸ் பிறந்த நாள் வரிகளை மட்டும் தேடச் சொன்னாள். இந்த முறை ஓடவிடாமல் பக்கம் பக்கமாக நிறுத்தி வாசித்தாள்.

பிறந்த நாள்: 12.3.1991 செவ்வாய் தோஷம்.

அதற்குக் கீழே இன்னொருவர். அதற்கும் கீழே இன்னொருவர். ஆசிரியைகள், கணக்காளர்கள், ஒரு பல் வைத்தியர், ஹெவ்லொக் டவுனில் நடன வகுப்பு நடத்தும் ஒரு பெண். செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள் எல்லோரும்.

இதை எப்படி மறந்தேன் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டில் செவ்வாய் என்றால் அந்தோனியார் நாள். அம்மா றோஸி ஒரு செவ்வாய்க்கிழமையும் கொச்சிக்கடைக் கோயிலைத் தவறவிட்டதில்லை. சின்ன வயதில் அவளுக்குக் கிழமைகள் மனப்பாடமானதே அதை வைத்துத்தான். அப்படியிருந்தும், இந்த அறைக்குள் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் செவ்வாய் என்பது ஒரு கிரகமாக மட்டும் ஆகிவிட்டது. வீட்டில் ‘ஆமா’ என்பவள் இங்கே ‘ஓம்’ என்பதைப் போல. இந்த இடத்துக்குச் சரியாக இருக்கவேண்டும் என்ற பயத்தில், வாசற்படியிலேயே தன்னில் எதையோ கழற்றி வைத்துவிட்டு வருகிறாளோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு நல்லதாக இல்லை. அதைத் தொடரவில்லை.

பாலேஸ்வரி உள்ளறையில் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் முதலில் எல்லாவற்றையும் ஒரு கொப்பி எடுத்தாள். கை வியர்த்து எழுத்துகள் தவறின. அழித்து அழித்து எழுதினாள். பிறந்த நாள் என்று தொடங்கும் வரிகளில் மட்டும் ‘செவ்வாய் தோஷம்’ என்பதை மறுபடி ‘செவ்வாய்’ ஆக்கு. இரண்டு தரம் வரும் தோஷத்தை ஒன்றாக்கு. இந்த முறை எண்டரை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது. தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை. இணையத்தளத்தைத் திறந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள் செவ்வாய்க்கிழமை பிறந்தவர்களாகவே இருந்தார்கள்.

திருத்துவதற்கு ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலான பயத்தைத் தந்தது. இந்த இடைப்பட்ட நாட்களில் யார் யார் வாசித்தார்கள்? வாசித்துவிட்டு யார் பேசாமல் அடுத்த பெண்ணுக்குப் போனார்கள்? அதைத் தேடிப் பிடிக்க அவளிடம் கட்டளை இல்லை.

பிறகுதான் முதலில் பார்த்த பெயரிடம் திரும்பி வந்தாள். 12.3.1991. சுபோதினி.

சுபோதினியின் சம்பந்தம் இரண்டு கிழமைக்கு முன் கூடியிருந்தது. மாப்பிள்ளை கார்த்திகன், ரொறன்ரோ. எட்டில் செவ்வாய். எட்டில் செவ்வாய் உள்ளவனுக்குச் செவ்வாய் உள்ள பெண்தான் பார்ப்பார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கொன்ஸ்ரன்ஸ் தெரிந்துகொண்டது. மாப்பிள்ளையின் தாய் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுத் தானாகவே அழைப்பெடுத்ததாகப் பாலேஸ்வரி பெருமையாகச் சொல்லியிருந்தாள். தளத்தில் இருந்ததை நம்பி அவளும் சாதகக் குறிப்பைத் திறந்து பார்த்திருக்கவில்லை. முதலில் பிள்ளைகள் கதைத்துப் பார்க்கட்டும், குறிப்பைப் பிறகு அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

அவள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. சுபோதினிதான் வந்திருந்தாள். கையில் ஒரு கேக் பெட்டி.

“அன்ரி நிக்கிறாவோ?”

“போன்ல பேசுறாங்க அக்கா. உள்ளே வாங்க.”

சுபோதினி காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்தாள். மதிய இடைவேளையில் வெள்ளைக் கோட்டோடு நடந்து வந்திருந்தாள். முன்பெல்லாம் இந்த நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்காருபவள், இன்று பையை நிலத்தில் வைத்தாள்.

“நேற்றும் எடுத்தவர்,” என்றாள். “அரை மணித்தியாலம் கதைச்சனாங்கள். என்ன கதைச்சம் எண்டு அம்மா கேட்டா, சொல்ல ஒண்டுமில்லை. அங்க ஸ்னோவாம். காரை மூடிப்போட்டுதாம். பிழையான காரைத் துப்பரவாக்கிப்போட்டுப் பிறகுதான் பாத்தவராம், அது பக்கத்து வீட்டுக்காரன்ர.”

கொன்ஸ்ரன்ஸ் சிரித்தாள். சிரிப்பு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எனக்குச் செவ்வாய் எண்டு எனக்கே தெரியாது, கொன்ஸ்ரன்ஸ்,” என்று சுபோதினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்ரி எடுத்து, உங்கட மகளுக்கும் செவ்வாய்தானே, பொருத்தமாப் போச்சு எண்டு அம்மாட்டச் சொன்ன அண்டைக்குத்தான் தெரியும். அம்மா போனை வச்சுப்போட்டு அப்பிடியே கதிரையில இருந்திட்டா.”

“அதுக்கு முந்தி உங்க குறிப்பை யாரும் பார்க்கலையா அக்கா?”

“பழைய குறிப்பு இடம்பெயரேக்க துலைஞ்சது. இது இஞ்ச அன்ரியின்ர சாத்திரியார் எழுதினது. அம்மாக்கு அதெல்லாம் வாசிக்கத் தெரியாது. பழையது அப்பாட சிநேகிதர் ஒராள் எழுதினது. அதுதான் பிரச்சினை.” சுபோதினி கேக் பெட்டியின் நூலைச் சரிசெய்தாள். “அப்பாக்குத் தெரிஞ்சிருக்கு, மறைச்சுப்போட்டார் எண்டு அம்மா சொல்லுறா. துலைஞ்சது எண்டதும் பொய்யாம். வேணுமெண்டே எறிஞ்சிட்டு வந்தவராம். ரெண்டு கிழமையா அப்பாட படத்துக்கு விளக்கு வைக்கேல்லை. நான் வச்சால் ஊதி அணைக்கிறா.”

இப்போது சொல்லலாம். இப்போது, இந்த நிமிடம். அக்கா, அது நான். ஆனால் அடுத்ததாகச் சுபோதினி சொன்னதுதான் அவளை நிறுத்தியது.

“எனக்கு எண்டால் ஒரு பக்கம் ஆறுதல். எத்தினை இடம் சரிவந்து கடைசியில தட்டுப்பட்டுப் போச்சு. ஒவ்வொரு தரமும் நான் என்ன பிழை விட்டனான், என்ன கதைச்சனான் எண்டு யோசிச்சு யோசிச்சு... இப்ப தெரியுது, நான் இல்லை. செவ்வாய்தான்.”

பாலேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அறுபது கடந்தும் நடையில் வேகம் குறையாதவள். “ஆ, புதுப் பொம்பிளை! என்ன இது, கேக்கோ? எனக்குச் சுகர் எண்டு தெரிஞ்சும் கொண்டுவாறாய் பார், மருந்து விக்கிறவளின்ர புத்தி.”

“மருந்து வித்தால்தானே அன்ரி உங்களுக்கு விலைக்கழிவு தரலாம்.”

“வாயைப் பார். ரொறன்ரோவில மாமி இதுக்கு மருந்து வச்சிருக்கிறா. இப்ப அவவோடதான் கதைச்சனான். இண்டைக்குப் பின்னேரம் குறிப்பு அனுப்பட்டாம். நீ போட்டு வா, நான் பாக்கிறன்.”

சுபோதினி படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. வேகமாக, ஒரு படி விட்டு ஒரு படி இறங்குவதைப் போல. அந்தச் சத்தம் தெருவில் சேரும் வரைக்கும் கொன்ஸ்ரன்ஸ் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். திரையைக் காட்டிக் காட்டி, பெடியன் கேட்ட கேள்வியில் தொடங்கி, தோஷம் தோஷம் வரைக்கும்.

பாலேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேக் பெட்டிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

“செவ்வாய்க்கிழமை பிறந்த எல்லாருக்குமோ?”

“எல்லாருக்கும் அன்ரி.”

“அடி பாவி. ஏழில ஒரு பங்கு தமிழ்ச் சனத்துக்குச் செவ்வாய் வச்சுப்போட்டாய். கடவுளுக்கே ஒரு நாளில இவ்வளவு வேலை ஏலாது.” அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றது. “அதுதான் ரெண்டு மூண்டு பேர் காரணம் சொல்லாமல் விலத்தினவையள். நான் சீதனக் காசு காணாதாக்கும் எண்டு நினைச்சன்.”

“இப்ப எல்லாம் திருத்திட்டேன்.”

“சுபோதினியின்ரயையும்?”

“ஓம்.”

மின்விசிறியின் காற்றில் கேக் பெட்டியின் மூடி எழுந்து எழுந்து விழுந்தது. கொன்ஸ்ரன்ஸ் ஏச்சுக்குக் காத்திருந்தாள். ஏச்சு வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்க அவளுக்குத் தெரியும்.

“அவளின்ர குறிப்பைத் திற,” என்றாள் பாலேஸ்வரி.

குறிப்புகள் வேறு ஃபோல்டரில் இருந்தன. பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு வரிகள். கிரகங்களுக்கு முதலெழுத்து மட்டும்தான். செவ்வாய்க்கு ‘செ’. முழுச் சொல் இல்லாததால் போன மாதத்துக் கட்டளை இவற்றைத் தொடாமல் போயிருந்தது. சுபோதினியின் குறிப்பில் ‘செ’ ஐந்தாவது வரியில் நின்றது.

“அஞ்சு,” என்றாள் பாலேஸ்வரி. “ஒரு குற்றமும் இல்லாத இடம்.” பெருமூச்சு விட்டாள். “அதைத் தூக்கி எட்டில போடு.”

கொன்ஸ்ரன்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன பாக்கிறாய்? ஒரு எழுத்து. நீ ஒரு வரியில ஆயிரம் பேரை மாத்தினனி, இது ஒண்டு. பிறந்த நாள் வரியிலயும் முந்தி இருந்த மாதிரிச் செவ்வாய் தோஷம் எண்டு போட்டுவிடு. ரெண்டும் ஒத்துப்போகும்.”

“அன்ரி, அந்தம்மா வேற ஒருத்தர்கிட்டக் காட்டினா?”

“காட்டமாட்டா. நீங்கள் பாத்தால் சரி எண்டு சொன்னவ. என்னை நம்பித்தான் கேக்கிறா.” சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதைப் போலப் பாலேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். “இஞ்ச பார் பிள்ளை. நான் கெட்டவள் இல்லை. அந்தப் பிள்ளையை எத்தினை வருசமா இந்தக் கதிரையில பாக்கிறன். இண்டைக்கு அவளின்ர முகத்தைப் பாத்தனிதானே? உண்மையைச் சொன்னால் ரொறன்ரோக்காரி அந்த நிமிசமே போனை வைப்பாள். பிறகு நீயோ அவளுக்கு மாப்பிள்ளை தேடிக் குடுப்பாய்?”

கொன்ஸ்ரன்ஸ் கேக் பெட்டியின் மூடியை அமுக்கி வைத்தாள்.

“நீ வேதக்காரி. உனக்குச் செவ்வாயும் ஒண்டு, புதனும் ஒண்டு. நம்பாத ஒண்டுக்கு ஏன் பயப்பிடுறாய்? நம்புற நானே பயப்பிடேல்லை.”

அந்தக் கேள்வி நியாயமானது. அதைத்தான் காலையில் இருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிரகம் ஐந்தில் இருந்தால் என்ன, எட்டில் இருந்தால் என்ன. பிழையால் இரண்டு பேர் சந்தித்திருக்கிறார்கள், பிழையான காரைத் துப்பரவாக்கிய கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதைக் கெடுக்க நான் யார்? பிழை விட்டவள் நான். அதைத் திருத்தி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவளும் நானாக வேண்டுமா?

ஆனால் அவள் நம்பாதது கிரகத்தைத்தான். நம்புகிறவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அவள் நம்பினாள். கார்த்திகனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்தத் தாய் குறிப்பை எடுத்துப் பார்ப்பாள். ஒரு நாள் யாராவது ஒரு சாத்திரிக்குக் காட்டுவாள். இது அஞ்சிலல்லவா இருக்கவேண்டும் என்று அவர் சொல்வார். அன்றைக்குப் பாலேஸ்வரி இந்த அறையில் இருப்பாள், நான் கொட்டாஞ்சேனையில் இருப்பேன். பனிக்குள் அந்த வீட்டில் இருப்பது சுபோதினி.

அதுகூடப் பிறகு வரப்போவது. வராமலும் போகலாம். ஏற்கெனவே வந்துவிட்டது ஒன்று இருந்தது. ஒரு தாய் ஒரு படத்தின் முன்னால் குனிந்து விளக்கை ஊதுகிறாள். அந்த மனிதர் ஒன்றையும் மறைக்கவில்லை. குறிப்பு உண்மையாகவே தொலைந்துதான் போயிற்று. அதைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இப்போது இரண்டு பேர்தான், இரண்டு பேரும் இந்த அறையில்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொற்களில் வைக்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் இல்லை, செவ்வாய்தான் என்று சொன்னபோது சுபோதினியின் தோள்கள் இறங்கிய விதம். அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுத்தது நான் அழுத்திய எண்டர். அதை அப்படியே விட்டுவிடச் சொல்லி யாராவது கேட்டிருந்தால்கூட ஒருவேளை விட்டிருப்பேன், கோழையாக. கேட்பது அதையல்ல. இந்த முறை வாசித்து, தெரிந்து, ஒரு எழுத்தைக் கையால் தூக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

“கொன்ஸி,” என்றாள் பாலேஸ்வரி. இப்போது குரலில் கெஞ்சல் இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. “பிழை விட்டது நீ. நான் உன்னை ஒண்டும் சொல்லேல்லை. வேற ஆரும் எண்டால் நாளைக்கு வராத எண்டு சொல்லியிருப்பினம். இதை மட்டும் செய்துபோட்டு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

நாளைக்கு வராதே. துறைமுகத்தில் தம்பி பிறெடிக்குக் கிடைக்கும் வேலை ஒரு கிழமை இருக்கும், ஒரு கிழமை இராது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவள் மனம் இப்போதே வசனங்களை அடுக்கத் தொடங்கியது.

போன் அடித்தது. பாலேஸ்வரி இலக்கத்தைப் பார்த்தாள். “ரொறன்ரோ,” என்றாள். எடுக்கவில்லை. அடிக்க விட்டுவிட்டு, கொன்ஸ்ரன்ஸின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஐந்தாவது வரியில், ‘செ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டு மினுங்கியது. கொன்ஸ்ரன்ஸ் விசைப்பலகையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

“அது அஞ்சிலயே இருக்கட்டும் அன்ரி,” என்றாள்.